1,200 ரூபாய் பென்ஷனில் எந்த போன் தாங்கும்? பட்டன் போன், 4ஜி பட்டன் போன், ஸ்மார்ட்போன், இ-சேவை மையம்: ஓர் ஒப்பீடு

ஊரில் இருக்கும் அம்மாவுக்கு, இல்லை தனியாக இருக்கும் பெரியப்பாவுக்கு என்ன போன் வாங்கித் தரலாம் என்று கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். கேட்பவர் பெரும்பாலும் திருப்பூரிலோ சென்னையிலோ வேலையில் இருக்கும் மகன் அல்லது மகள். கையில் போனஸ் பணம் ஏழெட்டாயிரம் இருக்கிறது, எந்த மாடல் நல்லது என்று சொன்னால் போதும் என்கிறார்கள். மாடல் பேச்சைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அந்த வீட்டுக்கு மாதம் எவ்வளவு வருகிறது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது 2023 ஆகஸ்டில். அதில் மத்திய அரசின் பங்கு 79 வயது வரை 200 ரூபாய், 80-ஐத் தாண்டினால் 500. மீதி மாநிலம் போடுவது. மில்லில் வேலை பார்த்து ஓய்ந்தவர்களுக்குப் பிஎஃப் பென்ஷன் வரும். அதற்குக் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று வைத்தது 2014-இல். இந்தப் பணத்தில்தான் பாலும் பிரஷர் மாத்திரையும் பஸ் செலவும். இந்த வரவில் வாழ்கிறவர்களுக்கான ஒப்பீடு இது. மாதம் முப்பதாயிரம் ஓய்வூதியம் வாங்கும் தாத்தாவுக்கு வேறு கணக்கு.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

ரீசார்ஜ். போன் ஒரு முறை வாங்குவது, ரீசார்ஜ் காலத்துக்கும் தொடர்வது. 28 நாள் பேக் என்றால் வருடத்துக்குப் பன்னிரண்டு இல்லை, 13 தடவை போட வேண்டும். 2024 ஜூலை கட்டண உயர்வுக்குப் பிறகு ஏர்டெல்லிலும் வோடஃபோன் ஐடியாவிலும் (வி) அடிப்படை பேக் 199 ரூபாய் ஆனது. வருடத்துக்கு 2,587. மாதத்துக்குப் பிரித்தால் 215 ரூபாய்க்கு மேல், அதாவது 1,200-இல் ஆறில் ஒரு பங்குக்கும் அதிகம். தினமும் டேட்டா வருகிற 299 ரூபாய் பேக் என்றால் வருடத்துக்கு 3,887. பென்ஷனில் கால்வாசிக்கு மேல் அதிலேயே போய்விடும். நீங்கள் ரீசார்ஜ் போட்டுவிடுவீர்கள் என்றால் சரி. ஆனால் உங்களுக்கு வேலை போன மாதத்தில் யார் போடுவது என்பதையும் இப்போதே யோசித்துவிடுங்கள்.

என்ன வேலை நடக்க வேண்டும். பேசுவது, ஓடிபி வாங்குவது, பேங்க் எஸ்எம்எஸ் பார்ப்பது, பேரப்பிள்ளைகளை வீடியோவில் பார்ப்பது, பாட்டு கேட்பது, விண்ணப்பம் போடுவது. இதில் முதல் மூன்றுக்கும் ஸ்மார்ட்போன் தேவையில்லை. விண்ணப்பம், சான்றிதழ் வேலைகளை ஸ்மார்ட்போன் இருந்தாலும் அவர்கள் தாங்களாகச் செய்யப் போவதில்லை, யாராவது செய்து கொடுக்கத்தான் வேண்டும்.

கண், காது, விரல். இதைக் கடையில் யாரும் கேட்பதில்லை. காலம் முழுக்க பீடி சுற்றிய, நாற்று நட்ட, பாத்திரம் தேய்த்த விரல் நுனி காய்ந்து தேய்ந்திருக்கும். ரேஷன் கடைக் கருவியில் ரேகை விழாமல் படுத்துகிற அதே விரல், தொடுதிரையிலும் படுத்தும். தொட்டால் எடுக்காது. எடுக்கவில்லையே என்று அழுத்திப் பிடித்தால் அது வேறு கட்டளையாகிவிடும். கண்ணில் புரை இருந்தால் வெளிர் சாம்பல் எழுத்துகள் தெரியவே தெரியாது. காது மந்தமானவருக்கு ரிங் சத்தம்தான் எல்லாவற்றையும் விட முக்கியம்.

பக்கத்தில் யார் இருக்கிறார்கள். போனில் சொல்லிப் புரியவைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். கைக்கெட்டும் தூரத்தில், கோபப்படாமல் சொல்லித்தர ஒருவர் வேண்டும். கிராமப்புறத்தில் 6 கோடி வீடுகளுக்கு டிஜிட்டல் எழுத்தறிவு கொடுப்பதாக மத்திய அரசு 2017-இல் தொடங்கிய திட்டத்தில் சேர வயது வரம்பு 14 முதல் 60 வரை. 2024 மார்ச்சில் முடியும்வரை அறுபதைத் தாண்டியவருக்கு அதில் இடமே இருக்கவில்லை. யாருக்கு அதிகம் தேவைப்படுமோ அவர்களை வாசலிலேயே நிறுத்திய திட்டம் அது. ஆகவே சொல்லித்தரும் பொறுப்பு பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் மேல்தான் விழுகிறது, அவளும் அடுத்த வருடம் கல்யாணமாகிப் போய்விடலாம்.

ஏமாற்றுப் பேர்வழிகள். குறைந்த வருமானக்காரரிடம் என்ன இருக்கிறது திருட என்று கேட்பார்கள். சாவுச் செலவுக்கு என்று சேர்த்து வைத்த இருபதாயிரம் இருக்கும். அது போனால் திரும்பச் சேர்க்க வயதில்லை.

எண். நான் விட்டே கொடுக்காத விஷயம் இது. எந்த போன் வாங்கினாலும், ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் ரேஷன் கார்டிலும் இருக்கிற எண் அந்தப் பெரியவருடைய கையில் உயிரோடு இருக்க வேண்டும். பல வீடுகளில் மகனுடைய எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள், அவன் வெளிநாடு போனதும் ஓடிபி துபாய்க்குப் போகிறது. இல்லை, ரீசார்ஜ் போடாமல் விட்டு எண் செத்துவிடுகிறது. 90 நாள் பயன்பாடே இல்லாத எண்ணை நிறுவனம் நிறுத்தலாம். நிறுத்திய எண்ணை இன்னொரு 90 நாள் கழித்து வேறொருவருக்கு விற்கலாம். அப்புறம் பாட்டியின் பேங்க் எஸ்எம்எஸ் யாரோ ஒரு அந்நியருக்குப் போகும். ஆதாரில் எண்ணை மாற்ற ஆதார் மையத்தில் 2025 அக்டோபரிலிருந்து கட்டணம் 75 ரூபாய். காசை விட, நடக்க முடியாதவரை ஆட்டோவில் கூட்டிப்போய் வரிசையில் உட்கார வைப்பதுதான் பெரிய செலவு.

## சாதாரண பட்டன் போன்

ஆயிரம் ரூபாயிலிருந்து ஆயிரத்து ஐந்நூறுக்குள் நல்லதாகவே கிடைக்கும். சார்ஜ் நாலைந்து நாள் நிற்கும், கரண்ட் போன இரவில் டார்ச், சாயங்காலம் எஃப்எம். கீழே விழுந்தால் பேட்டரி தனியாக, மூடி தனியாகக் கழன்று விழும்; பொருத்தினால் மறுபடி ஓடும். விரல் காய்ந்திருந்தாலும் பட்டன் உள்ளே போவது கைக்குத் தெரியும், அந்த டக் என்ற உணர்வு தொடுதிரையில் இல்லை.

இதற்குச் சரியான ரீசார்ஜ் பலருக்குத் தெரியவில்லை. டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் தந்தே ஆக வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி கொண்டுவந்தது. அதன்படி 2025 ஜனவரியில் ஏர்டெல் 84 நாளுக்கு 469, 365 நாளுக்கு 1,849 என்று கொடுத்தது. ஜியோவில் 84 நாளுக்கு 448. கட்டணங்கள் மாறிக்கொண்டே இருக்கும், போடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கணக்கு தெளிவாக இருக்கிறது: 1,849-ஐ ஒரேயடியாகப் போட்டால் மாதத்துக்கு 154 ரூபாய் வாக்கில், 199-ஐப் பதின்மூன்று முறை போடுவதை விட வருடத்துக்கு 738 ரூபாய் மிச்சம். எண் வருடம் முழுக்கச் சாகாது. ஒரே சிக்கல், மொத்தமாக 1,849 எடுத்து வைக்க அவர்களால் முடியாது. தீபாவளிக்கு ஸ்மார்ட்போன் வாங்க நினைக்கும் மகள் அதற்குப் பதில் இந்த ஒரு ரீசார்ஜை வருடாவருடம் போட்டால் அது பெரிய உதவி.

எங்கள் தெருவில் ஓர் ஆச்சிக்கு முதியோர் பணத்தை வங்கி முகவர் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து, கருவியில் ரேகை வாங்கிக் கொடுப்பார். ஆச்சிக்கு ஆங்கிலம் தெரியாது, தமிழே எழுத்துக்கூட்டித்தான். ஆனால் பணம் வாங்கியதும் இடுப்பிலிருந்து போனை எடுத்து, வந்த எஸ்எம்எஸ்ஸைத் திறந்து, அந்த ஆங்கில வரிகளுக்கு நடுவில் 1200 என்ற எண்ணை விரலால் தேடுவார். அது இருந்தால்தான் கையில் இருப்பதை எண்ணி முடிச்சுப் போடுவார். அவர் அப்படிப் பார்ப்பார் என்று முகவருக்கும் தெரியும். இணையமே இல்லாத ஒரு போன் செய்கிற காவல் இது, அதனால்தான் பட்டன் போனைப் பழைய குப்பை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு ஒத்துவருவதில்லை.

பணம் அனுப்புவதும் முடியாததில்லை. ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்காக ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் யுபிஐ 123பே என்ற வசதியைத் தொடங்கியது, ஒரு பரிமாற்றத்துக்கு வரம்பு 2025 ஜனவரியிலிருந்து 10,000 ரூபாய். *99# என்று அடித்தும் இணையம் இல்லாமல் இருப்பு பார்க்கலாம், அனுப்பலாம். ஆனால் எழுபது வயதில் இந்த எண் மெனுக்களுக்குள் போய்வருவது ஸ்மார்ட்போனை விடக் கஷ்டம் என்பதே என் எண்ணம். சந்தையில் கீரை விற்கிற அம்மாவுக்கு அச்சடித்த க்யூஆர் அட்டையும், பணம் வந்ததா என்று பார்க்க எஸ்எம்எஸ் வரும் பட்டன் போனும் போதும். சத்தமாகச் சொல்லும் ஸ்பீக்கர் வசதியானதுதான், ஆனால் அதற்கு வாடகை பிடிப்பார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இடிக்கும் இடம்: வீடியோ இல்லை. அப்புறம், 2ஜி மட்டும் உள்ள போனில் ஜியோ சிம் வேலை செய்யாது, ஜியோவுக்கு 2ஜி நெட்வொர்க்கே கிடையாது. போனை வாங்கி ஊருக்கு அனுப்பிவிட்டு, சிம் எடுக்கவில்லை என்று தலையைப் பிடித்துக்கொள்வது இதனால்தான்.

## 4ஜி பட்டன் போன்

இதில் இரண்டு வகை. ஒன்று ஜியோபாரத் மாதிரி நிறுவனமே தருவது. 2023 ஜூலையில் 999 ரூபாய்க்கு வந்தது. அதற்கென்று தனி பேக்: 28 நாளுக்கு 123 ரூபாய், 336 நாளுக்கு 1,234. எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், தினமும் அரை ஜிபி டேட்டா. மாதத்துக்கு 112 ரூபாய் வாக்கில் ஆகிறது, அதாவது மற்ற நிறுவனத்தின் பேச்சு மட்டும் பேக்கை விடவும் மலிவு. பாட்டு, படம், யுபிஐ எல்லாம் பட்டனிலேயே.

மலிவுக்கு ஒரு விலை இருக்கிறது. அந்த போனில் ஜியோ சிம் மட்டும்தான் எடுக்கும், அந்த 123 ரூபாய் பேக்கும் அந்த போனில் மட்டும்தான் ஓடும். நாளைக்கு அவர்கள் கட்டணத்தை ஏற்றினாலும், ஊரில் சிக்னல் குறைந்தாலும், எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றினால் போனையும் மாற்ற வேண்டும். ஏற்கெனவே பாட்டியிடம் பிஎஸ்என்எல் எண் இருந்து, அதுதான் ஆதாரில் இருக்கிறது என்றால், அதே எண்ணோடு ஜியோவுக்கு மாறிவிட்டு (போர்ட் செய்துவிட்டு) இதை வாங்குங்கள். புது எண் வாங்கி இரண்டு எண் வைத்துக்கொண்டால் பழையது கவனிப்பில்லாமல் செத்துப்போகும்.

வாட்ஸ்அப் இருக்கும் என்று நம்பி இந்த வகையை வாங்க வேண்டாம். ஜியோபோன் போன்றவை ஓடிய காய்ஓஎஸ் என்ற இயங்குதளத்தில் வாட்ஸ்அப் ஒரு காலத்தில் இருந்தது. 2024 ஜூனில் புதிதாக நிறுவுவது நின்றது, 2025 தொடக்கத்தோடு இருந்தவர்களுக்கும் முடிந்தது. பழைய ஜியோபோனில் பேரனின் போட்டோ பார்த்துக்கொண்டிருந்த பாட்டிகளுக்கு ஒருநாள் அது வராமல் போனது, ஏன் என்று அவர்களுக்குச் சொல்ல யாரும் இல்லை. கடையில் வாட்ஸ்அப் வரும் என்று சொன்னால், திறந்து ஒரு செய்தி அனுப்பிக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது வகை, எந்த சிம்மும் போடக்கூடிய 4ஜி பட்டன் போன்கள். விலை கொஞ்சம் அதிகம், ஆனால் எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்பட்டதில்லை. குரல் தெளிவாகக் கேட்கும், காது மந்தமானவருக்கு அது நல்ல வித்தியாசம். 2ஜி இன்னும் எத்தனை வருடம் ஓடும் என்ற கவலையும் இல்லை. புதிதாக பட்டன் போன் வாங்கப் போகிறவர் கையில் காசு இருந்தால் இதையே வாங்கலாம்.

## புது ஸ்மார்ட்போன்

ஏழாயிரம் வாக்கில் ஆரம்பிக்கும். அதற்கும் கீழே போகாதீர்கள். 2 ஜிபி ரேம் போனில் வாட்ஸ்அப்பும் பேங்க் செயலியும் இரண்டு வருடத்தில் தடவ ஆரம்பித்துவிடும், மெதுவாக ஓடும் போனில் பெரியவர் இரண்டாம் தடவை தட்டுவார், மூன்றாம் தடவை தட்டுவார், வேறு எங்கோ போய் நிற்கும், பயந்து கீழே வைத்துவிடுவார். அத்தோடு அந்த போன் பீரோவுக்குள் போய்விடும்.

மறைந்த செலவுகள்: உறை, கண்ணாடி, இரண்டு வருடத்தில் பேட்டரி, டேட்டா பேக், உடைந்தால் திரை மாற்ற போன் விலையில் பெரும்பங்கு. தவணையில் வாங்கினால் கவனம், ஒரு தவணை தவறினாலே போனைப் பூட்டுகிற செயலியைச் சில கடன் நிறுவனங்கள் உள்ளே போட்டுத்தான் தருகின்றன. பேரன் விளையாட்டுக்காக வாங்கிப் போய்விடுவதும் ஒரு செலவுதான்; பாட்டிக்கு வாங்கிய போன் பாட்டியிடம் இருக்கிறதா என்று ஒரு மாதம் கழித்துக் கேட்டுப் பாருங்கள்.

அழைப்பை எடுப்பதே பலருக்கு முதல் மதில். மணி அடிக்கிறது, பச்சை வட்டம் குதிக்கிறது, அவர் அதைத் தட்டுகிறார். தட்டினால் எடுக்காது, மேலே தள்ள வேண்டும். தட்டித் தட்டி, மணி நின்றுவிடுகிறது. அந்தப் பக்கம் மகள், அம்மா எடுக்கவில்லையே என்று பதறுகிறாள். பல மாடல்களில் தட்டினாலே எடுக்கும்படி அமைப்பில் மாற்றலாம், எளிய திரை வைக்கும் வசதியும் உண்டு. கடைக்காரர் இதைச் செய்து தர மாட்டார். நீங்கள்தான் செய்ய வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, சிலருக்கு ஸ்மார்ட்போன்தான் சரி என்று உறுதியாகச் சொல்வேன். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாட்ஸ்அப் குரல் செய்தி பெரிய விடுதலை: அழுத்திப் பிடித்துப் பேசினால் போதும், எழுத்தே வேண்டாம். காது சுத்தமாகக் கேட்காதவருக்கு பட்டன் போன் வெறும் டார்ச் லைட்தான்; வீடியோவில் உதடும் கையும் பார்த்துப் பேசுவார். முட்டி வலியால் வீட்டை விட்டு இறங்க முடியாதவருக்கு யூடியூபில் கோயில் தரிசனமும் பழைய பாட்டும் பகலைக் கடத்தும். இந்த ஆசைகளை ஆடம்பரம் என்று தள்ளுகிறவர்கள், தங்கள் பகலை எதைப் பார்த்துக் கழிக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டும்.

ஏமாற்று விஷயத்தில் இந்த வழிக்குத்தான் ஆபத்து அதிகம். வாட்ஸ்அப்பில் அபராதச் சீட்டு என்றோ, கல்யாணப் பத்திரிகை என்றோ ஏபிகே கோப்பு, அதாவது செயலியை நிறுவும் கோப்பு வரும். தொட்டு நிறுவிவிட்டால் ஓடிபி எல்லாம் அவர்கள் கைக்குப் போகும். போலீஸ் உடையில் வீடியோ அழைப்பில் வந்து டிஜிட்டல் கைது என்பார்கள், சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும், தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கணக்கு மாறி மாறிப் போய்க்கொண்டே இருக்கும். என் யோசனை: பெரியவரின் சேமிப்பு இருக்கிற கணக்கில் யுபிஐ போடாதீர்கள். அவசியம் வேண்டுமென்றால் 2024-இல் வந்த யுபிஐ சர்க்கிளைப் பாருங்கள். உங்கள் கணக்கிலிருந்து அவர் செலவு செய்வார், மாதம் அதிகபட்சம் 15,000, ஒரு முறைக்கு 5,000. அதற்கும் குறைவாக நீங்களே வரம்பு வைக்கலாம், ஒவ்வொரு செலவும் உங்களுக்குத் தெரியும்.

## வீட்டில் கைமாறி வரும் பழைய ஸ்மார்ட்போன்

புதுசு வாங்கியதும் பழையதை அம்மாவுக்குக் கொடுப்பது நம் வழக்கம். இலவசம் போலத் தெரியும். பேட்டரி மத்தியானத்துக்குள் இறங்கிவிடும், பாதுகாப்பு அப்டேட் நின்றிருக்கும், பழைய ஆண்ட்ராய்டில் பேங்க் செயலிகள் திறக்க மறுக்கும். உங்கள் ஜிமெயிலும் போட்டோக்களும் உள்ளேயே இருக்க, அதை அப்படியே கொடுப்பவர்களும் உண்டு. முழுதாக அழித்து, அவர் பெயரில் புதுக் கணக்கு போட்டுக் கொடுங்கள்.

சிம்மை பட்டன் போனில் விட்டுவிட்டு, பழைய ஸ்மார்ட்போனை வீட்டு வைஃபையில் மட்டும் ஓட்டுவது என்று ஒரு வழி இருக்கிறது. யூடியூப் பார்க்க இது நன்றாகவே உதவும், ரீசார்ஜும் இல்லை. வாட்ஸ்அப்புக்கு இந்த வழியை நம்ப வேண்டாம். சிம் இருக்கிற கருவியில்தான் இந்த மாதிரிச் செயலிகள் இயங்க வேண்டும் என்று 2025 நவம்பரில் மத்திய தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டிருக்கிறது.

வைஃபை என்றதும் தனி இணைப்பு போடலாமா என்று கேட்பார்கள். ஜியோஃபைபரில் ஆரம்பத் திட்டமே 399 ரூபாய், ஜிஎஸ்டியோடு 470-ஐத் தாண்டும். ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். மாடியில் மகன் குடும்பம் இருந்தால் அவர்கள் வைஃபை கடவுச்சொல்லைப் போட்டுக் கொடுத்தால் முடிந்தது.

## போனை நம்பாமல்: இ-சேவை, தபால்காரர், வீட்டு வாசல் சேவை

இது ஒரு தேர்வு என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை. வருமானச் சான்று, இருப்பிடச் சான்று மாதிரி வருவாய்த்துறைச் சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய். வருடத்தில் எத்தனை தடவை இது தேவைப்படும்? அதற்காக ஏழாயிரம் போட்டு போன் வாங்க வேண்டியதில்லை.

பென்ஷன் வாங்குகிறவரின் உயிர்வாழ் சான்றுக்கும் சொந்த போன் வேண்டாம். 2021 நவம்பரிலிருந்து முகத்தைக் காட்டியே ஆண்ட்ராய்டு போனில் எடுக்கலாம், அந்த போன் யாருடையதாகவும் இருக்கலாம். பொங்கலுக்கு வரும்போது உங்கள் போனிலேயே எடுத்துவிடலாம், பிஎஃப் பென்ஷனுக்கு எடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். தபால்காரர் வீட்டுக்கே வந்தும் எடுப்பார், வழக்கமான கட்டணம் 70 ரூபாய். ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில், 70 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் என்று தொடங்கியது. பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கடையில் விசாரித்து வையுங்கள்.

மறைந்த செலவு இங்கேயும் உண்டு. சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க என்று திருப்பி அனுப்பினால் மறுபடி ஆட்டோ. தனியார் நடத்தும் மையங்களில் பலகையில் ஒரு கட்டணம், கையில் வாங்குவது வேறு கட்டணம் என்பதும் நடக்கிறது, ரசீது கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஏடிஎம் கார்டின் பின் எண்ணை, ஓடிபியை மையத்துக்காரரிடம் நம்பிச் சொல்லிப் பழகிவிடுவதுதான் இதில் பெரிய ஆபத்து. எண் அவர்கள் கையில் உயிரோடு இல்லாவிட்டால் இந்த வழியும் பாதியில் நின்றுவிடும். ஓடிபி வராமல் மையத்திலும் பல வேலைகள் முடியாது. ஆகவே இதைத் தனியாக வைக்காமல் பட்டன் போனோடு சேர்த்துத்தான் வைக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | கருவிச் செலவு | வருட ரீசார்ஜ் | யாருக்குப் பொருந்தும் | எங்கே இடிக்கும் |
|---|---|---|---|---|
| சாதாரண பட்டன் போன் + இ-சேவை | 1,000–1,500 | 1,849 (பேச்சு மட்டும், ஏர்டெல்) | தனியாக இருப்பவர், கண் மங்கியவர் | வீடியோ இல்லை, ஜியோ சிம் எடுக்காது |
| ஜியோபாரத் வகை | 1,000 வாக்கில் | 1,234 (336 நாளுக்கு) | பாட்டு, படம் வேண்டும், செலவு குறைய வேண்டும் | ஒரே நிறுவனம், வாட்ஸ்அப்பை நம்ப முடியாது |
| புது ஸ்மார்ட்போன் | 7,000-க்கு மேல் | 3,887 (299 பேக்) | காது கேளாதவர், வெளியே போக முடியாதவர், உதவ ஆள் உள்ளவர் | ஏமாற்று, பழுது, ரீசார்ஜ் |
| பழைய ஸ்மார்ட்போன், வைஃபையில் | பேட்டரி மாற்றும் செலவு | இல்லை (எண் வேறு போனில்) | குடும்பத்தோடு இருப்பவர் | வாட்ஸ்அப் ஓடாமல் போகலாம் |

## நானாக இருந்தால்

தனியாக இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர், பக்கத்தில் உதவ நிலையான ஆள் இல்லை என்றால் பட்டன் போன், வருட ரீசார்ஜ், மீதிக் காசை அவர் கையில் கொடுங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான் சரி.

கணவன் மனைவி இருவரும் இருந்தால், ஆளுக்கொரு எண் கட்டாயம். ஸ்மார்ட்போன் ஒன்று போதும். ஆனால் அது ஐயா கையிலேயே இருந்து, அம்மாவுக்குப் பேரனைப் பார்க்கவும் அவர் தயவு வேண்டும் என்று ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; எங்கள் பக்கம் பாதி வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது. அம்மாவின் முதியோர் பணத்துக்கும் ஐயாவின் எண்ணையே கொடுத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் இருக்கிறார், இன்னும் வேலைக்குப் போகிறார், கற்றுக்கொள்ளும் ஆசை இருக்கிறது என்றால் தயங்காமல் ஸ்மார்ட்போன். இப்போது கற்றால் எழுபதில் கைகொடுக்கும். எழுபத்தைந்தில் ஆரம்பிப்பது ரொம்பக் கஷ்டம். இந்த வயதினருக்குத் தாமதிக்கக் கூடாது.

ஏற்கெனவே வாங்கிக் கொடுத்து அது பீரோவில் தூங்குகிறது என்றால் திட்டாதீர்கள். சிம்மைப் பட்டன் போனுக்கு மாற்றி, பேச்சு மட்டும் பேக்கைப் போடுங்கள்.

எதைக் கொடுத்தாலும், கொடுக்கும் அன்றைக்கு அரை நாள் ஒதுக்குங்கள். ரிங் சத்தத்தை முழுதாக வையுங்கள். பட்டன் போனில் 2, 3, 4 எண்களை அழுத்திப் பிடித்தால் மகன், மகள், பக்கத்து வீடு போகும்படி செய்யுங்கள். ஸ்மார்ட்போன் என்றால் முகப்புத் திரையில் முகப் படத்தோடு வையுங்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள், வாட்ஸ்அப்பிலிருந்து செயலி நிறுவும் அனுமதியை மூடுங்கள். காலர் டியூன் மாதிரி காசு பிடிக்கும் சேவைகளைத் தெரியாமல் அழுத்தி மாட்டிக்கொள்ளாமல் இருக்க, நிறுவனத்தின் விளம்பரச் செய்திகளை 1909-இல் நிறுத்துங்கள். முதியோர் உதவி எண் 14567, ஆம்புலன்ஸ் 108, சைபர் குற்றம் 1930: இந்த மூன்றையும் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ரீசார்ஜ் முடியும் தேதியை உங்கள் போனில் நினைவூட்டலாகப் போட்டுவிடுங்கள், அவர்களிடம் விடாதீர்கள். பேக் முடிந்தால் முதலில் அவர்கள் கூப்பிடுவது நிற்கும், கொஞ்ச நாளில் நீங்கள் கூப்பிடுவதும் போகாது.